குடிக்கூலியும் மறைவுரிமையும்

குடிக்கூலி என்னுஞ் சொல் எண்ணிப் பார்க்கத் தக்கது. அக்கூலி சுவருக்கன்று, கூரைக்குமன்று, குடியிருத்தலுக்கேயாம். கூலி பெற்ற நாள்முதற் சுவர் உரிமையாளருடையது. அதனகத்து நிகழும் வாழ்க்கை குடியிருப்போருடையது. வீட்டைப் பார்வையிட வருங்கால் இவ்விரண்டுரிமையும் ஒரே வாயிலில் எதிர்ப்படுகின்றன.

பார்வையிடுதல் தீதென்று யாம் கூறோம். ஒழுகுங் கூரையையும் கறையான் அரித்த நிலைக்கதவையும் காணாத உரிமையாளர் வீட்டைக் காப்பதெங்ஙனம்? எவ்வாறு நுழைவதென்பதே வினா. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 24 மணி நேரத்திற்கு முன்னரே எழுத்தால் அறிவித்தல் வேண்டுமென்கின்றது. 2021இல் நடுவணரசு மாநிலங்கட்கு விடுத்த மாதிரிச் சட்டமோ, கதிரவன் தோன்றுமுன்னும் மறைந்தபின்னும் நுழைதலாகாதென்றும், தீ, வெள்ளம் போன்ற இடுக்கண்களில் மட்டும் முன்னறிவிப்பு வேண்டாவென்றுங் கூறும். மறைவுரிமை அடிப்படையுரிமையே என உச்சநீதிமன்றத்து நடுவர் ஒன்பதின்மரும் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டு 24ஆம் நாளில்.

ஒரு நாள் அவகாசம் எற்றுக்கு என வினவுவாருளர். காஞ்சிபுரத்தையடுத்த ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றை அன்னார் நினைவு கூர்க. சித்திரா பௌர்ணமியன்று வரதராசப் பெருமாள் ஆங்கு எழுந்தருளுவார். நிலத்தடி மண்டபத்தில் நிறைந்திருக்கும் நீர் அதற்கு முன்னரே இறைக்கப்பெறும். வரும் நாள் தெரிந்திருத்தலாலன்றோ இடம் ஆயத்தமாகின்றது? பெருமாளே நாள் குறித்து வருகையில், வீட்டுக்காரர் குறித்தலாகாதோ!

நெசவாளர் சிறு வீடுகளில் ஒரே அறை தறிக்கூடமும் அடுக்களையும் படுக்கையிடமும் ஆவதுண்டு. அங்கே கதவு திடீரெனத் திறக்கப்படின், நோயுற்றாரும் பிள்ளை பெற்றாரும் ஒதுங்க வேறிடமில்லை. மாளிகையிலிருப்போர் ஓரறையையேனும் தாழிட்டுக் கொள்வர். ஓரறைக் குடியினர்க்கு முன்னறிவிப்பு ஒன்றே தாழ்.

இக்காலத்தே மற்றொரு தொல்லையுமுண்டு. அடுத்த குடிக்குக் காட்டும் பொருட்டுக் கைப்பேசியாற் படமெடுக்கின்றனர். சுவரை எடுக்கையிற் கொடியிலுலருந் துணியும், மாடத்து மருந்துப் புட்டியும், உறங்குங் குழவியும் உடன் பதிகின்றன. நுழைவுக்குத் தந்த இசைவு படத்திற்குத் தந்த இசைவாகாது.

இவையெல்லாம் அறிந்தும் ஏழைக்குடிகள் வாய்திறவார். வீட்டைக் காலிசெய்யச் சொல்வரோ என்னும் அச்சமே காரணம். சினம் மூண்டபின் உரிமை பேசுதல் அரிது. ஆகலின், முன்பணங் கொடுக்குங்காலே ஒப்பந்தத்தில் மூன்றினை எழுதிக்கொள்ளுதல் நன்று: எக்காரணத்திற்கு வரலாம், எவரை உடனழைத்து வரலாம், படமெடுக்க எவரிசைவு வேண்டும் என்பன. எழுத்தொப்பந்தத்தை மேற்குறித்த தமிழ்நாட்டுச் சட்டமும் வேண்டுகின்றது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், எழுத்தறியா அண்டை வீட்டார்க்கு அவ்வோரேட்டை எழுதிக் கொடுக்கலாம். அதற்கு அரைமணி நேரம் போதும்.