கொழுக்கட்டைக்கு ஏன் கொதிக்கிற தண்ணீர்?

ஆவணி மாத வளர்பிறைச் சதுர்த்தியில் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைக்கிறோம். வடமொழியில் இது மோதகம். 'மோதம்' என்றால் மகிழ்ச்சி. மகிழ்ச்சி தருவது மோதகம். வெளியே சப்பென்ற மாவு, உள்ளே இனிப்பான பூரணம். உடம்புக்குள்ளே ஆனந்தம் மறைஞ்சிருக்கு என்று பெரியவங்க இதற்கு விளக்கம் சொல்வாங்க.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. மாவு: கோதுமை மாவுல குளூட்டன் என்ற புரதம் இருக்கு. பச்சைத்தண்ணியில பிசைஞ்சாலே இழுபடும். அரிசி மாவுல அது கிடையாது. அதனாலதான் கொதிக்கிற தண்ணி ஊத்துறாங்க. அந்தச் சூட்டில் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்கி, பசை போல ஒட்டிக்கொள்ளும். சொப்பு மெல்லிசா செஞ்சாலும் விரிசல் விடாது.

2. பூரணம்: வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டி, தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்து, ஈரம் வற்றிச் சுருண்டு வரும்வரை கிளறணும். இளகலா இருந்தா, வேகும்போது சொப்பு பிளந்து ஒழுகிடும். வெல்லத்துக்குப் பதிலா குலா மலாக்கா சேர்க்கும் வீடுகளும் இங்கே உண்டு.

3. ஆவி: 100 டிகிரி நீராவி கொழுக்கட்டை மேல பட்டுத் தண்ணீராக மாறும்போது, ஒரு கிலோ ஆவிக்கு ஏறக்குறைய 2,257 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அதனால சீக்கிரம் வேகும், மாவும் காயாது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். படைப்பதற்கு முன்னால ருசி பார்க்கக் கூடாது என்பது நம்ம வழக்கம். ஆகவே உப்பும் இனிப்பும் சரியா என்று நாக்கைக் கேட்க முடியாது. கண், கை, மூக்கு மூன்றும்தான் சொல்லணும். "மாவு கையில ஒட்டக்கூடாது", "பூரணம் உருட்டினா நிக்கணும்" என்று அம்மாவும் பாட்டியும் சொல்ற பதமெல்லாம் அளவுகளே. லேப்ல நாம எடுக்கிற ரீடிங் மாதிரிதான். ஆனால் பக்கத்துல நின்னு, மாவைத் தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

இப்போ ஆர்டர் பண்ணினா வீட்டு வாசலுக்கே வந்துடும். வேலை நெருக்கடியில் வாங்குவது தப்பில்லை. எல்லாரும் எப்போதும் வாங்கியே பழகிட்டா, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கப் பதம் தெரிஞ்ச கை இருக்காது.

அதனால இந்தச் சதுர்த்திக்கு ஆண்பிள்ளைகளும் அடுப்படிக்குப் போங்க. ஒரு கப், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாவு எத்தனை கப், தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம் ஆவியில் வைத்தார்கள் என்று எழுதுங்க. அப்புறம் ஒன்றையாவது உங்க கையாலேயே பிடிச்சுப் பிள்ளையாருக்குப் படைங்க.