இலத்தூர் வட்டார நாட்டார் கலைப்பொருள் சேகரிப்பு: தொன்மையும் வழங்குசூழலும்

ஆய்வுச் சுருக்கம்

பழம்பொருளின் மதிப்பை அதன் வயதைக் கொண்டு அளப்பது வழக்கம். நாட்டார் கலைப்பொருள்களுக்கு இவ்வளவுகோல் போதாது என்பதையும், வழங்குசூழல் குறித்த பதிவே அவற்றைச் சான்றாக்குகிறது என்பதையும் இலத்தூரை மையமாகக் கொண்ட மலையடிவாரப் பகுதியின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டார் கலைப்பொருள், வழங்குசூழல், நேர்த்திக்கடன், இலத்தூர், பட்டவராயன்.

முன்னுரை

செங்கோட்டையை அடுத்த இலத்தூர் தொடங்கித் தென்காசி, குற்றாலம், அம்பாசமுத்திரம், பாபநாசம் வரை விரியும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் வில்லுப்பாட்டும் கொடைவிழாவும் வழங்கும் நிலம். சுடுமண் உருவங்கள், வில்லிசைக் கருவிகள், கதைப்பாடல் ஏடுகள், தோற்பாவைகள், அம்பாசமுத்திரத்து மரச்செப்புகள் ஆகியன இந்நிலத்தின் கலைப்பொருள்கள். இவை வீட்டையும் கோயிலையும் விட்டு நீங்கிப் பழம்பொருள் கடைக்கும் தனியார் சேகரிப்புக்கும் செல்லும்போது எதை இழக்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வயது என்னும் அளவுகோல்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. கலைப்பொருள் ஒன்று தொல்பொருளாகக் கருதப்படுவதற்கு அதற்குக் குறைந்தது 100 ஆண்டுப் பழமை வேண்டும். அறிவியல், வரலாற்று, இலக்கிய அல்லது அழகியல் மதிப்புடைய சுவடிக்கு 75 ஆண்டுகள் போதும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை இச்சட்டம் தடை செய்கிறது. கற்சிலைக்கும் செப்புத்திருமேனிக்கும் இவ்வரையறை பொருந்துகிறது.

நாட்டார் கலைப்பொருளின் இயல்போ வேறு. ஆட்டுத்தோலில் செய்யப்படும் பாவை, விளக்கொளியின் வெம்மையிலும் தொடர்ந்த ஆட்டத்திலும் நாளடைவில் விறைத்து முறிகிறது. திறந்தவெளியில் நிற்கும் மண்ணுருவம் மழையில் கரைகிறது; அதனை மீளச் செய்வது வழிபாட்டின் ஒரு பகுதி. எனவே இங்கே நெடுங்காலம் வாழ்வது மரபேயன்றித் தனிப்பொருள் அன்று. முப்பதாண்டுப் பாவை ஒன்று நூற்றாண்டுகள் பழமையான வடிவமரபைத் தாங்கியிருக்கலாம். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது தொல்பொருள் ஆவதில்லை. சட்டம் காவாத இவ்விடத்தில் பொறுப்பு முழுவதும் சேகரிப்பாளரைச் சார்கிறது.

பட்டவராயன் செருப்பு

காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல்செருப்புகளை நேர்த்திக்கடனாகச் செலுத்தும் வழக்கம் உண்டு. பட்டவராயன் என்பது கதைப்பாடல் கூறும் முத்துப்பட்டனே. அந்தணக் குடியிற் பிறந்த அவன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா ஆகிய இருவரையும் மணக்க விரும்பித் தோல்தொழிலை மேற்கொண்டான். பின்னர் ஆநிரையைக் காக்கும் போரில் உயிர் துறந்தான். செலுத்திய செருப்புகள் தேய்ந்து காணப்படுவது அவன் அவற்றை அணிந்து நடப்பதால் என்பது அடியவர் நம்பிக்கை.

இச்செருப்புகளில் ஒன்று, விவரம் ஏதுமின்றிச் சேகரிப்பு ஒன்றை அடைவதாகக் கொள்வோம். வயதால் அது தொல்பொருள் அன்று. வேலைப்பாட்டால் அரும்பொருளும் அன்று. அதன் தேய்மானம் ஒரு குறைபாடாகவே மதிப்பிடப்படும். கோயில், கதை, செலுத்தியவரின் வேண்டுதல் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிந்தாலோ, சாதி கடந்த மணமும் அதன் விளைவான இறப்பும் தெய்வமான வரலாற்றுக்கு அதுவே பருப்பொருட் சான்று. அந்நிலையில் அதே தேய்மானம் நம்பிக்கையின் தடயமாகிறது. பொருளில் மாற்றமில்லை, பதிவு மட்டுமே அதன் பொருண்மையை மாற்றுகிறது.

வாய்மொழி வழக்காற்றுத் துறை இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தது. நா. வானமாமலை (1917–1980) முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்துச் சமூக வரலாற்றுச் சான்றாக ஆராய்ந்தார். பாடலுக்குப் பாடியவர், இடம், பாடவேறுபாடு ஆகியவற்றைக் குறிப்பது இன்று எழுதாச் சட்டம். அதே ஒழுங்கு பருப்பொருளுக்கும் வேண்டும்.

ஊர்ப்பெயரும் பதிவும்

‘இலத்தூர்’ என்று மட்டும் எழுதிய அட்டை ஒரு பொருளின் இருப்பிடத்தை உறுதிசெய்யாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இலத்தூர் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் எலத்தூர் உண்டு. மாவட்டப் பெயரைச் சேர்ப்பினும் சிக்கல் தீர்வதில்லை. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்றே திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்து, திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆகவே செங்கோட்டையில் எடுத்த ஒரே வகைப் பொருள், எடுத்த காலத்தைப் பொறுத்துத் ‘திருவிதாங்கூர்’, ‘திருநெல்வேலி’, ‘தென்காசி’ என மூன்று பெயர்களில் பட்டியலிடப்பட வாய்ப்புண்டு. மாவட்டப் பெயரை மட்டும் கொண்டு தேடும் ஆய்வாளர் இவற்றை ஒரே மரபாக இணைத்துக் காண இயலாது.

முடிவுரை

1. நாட்டார் கலைப்பொருளின் தொன்மை தனிப்பொருளின் வயதில் அன்று, வழங்குமரபின் தொடர்ச்சியில் உள்ளது.

2. ஊர், அருகிலுள்ள பேரூர், எடுத்த நாள், செய்தவர், பயன்படுத்தியவர், தொடர்புடைய சடங்கும் கதையும், கைம்மாறிய முறை ஆகியவை பொருளோடு பிரியாமல் பதியப்பட வேண்டும். செய்தவர் பெயர் இடம்பெறாத பட்டியல் கைவினைஞரை மறைக்கும் பட்டியலாகும்.

3. வழிபாட்டில் உள்ள பொருளை அகற்றாமல் நிழற்படமும் அளவும் எடுத்து ஆவணப்படுத்துவதே முறை. காட்சிக்குத் தேவையெனில் அதே கைவினைஞரிடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கலாம். பொருள் கோயிலில் நிலைக்கும், தொழிலும் தொடரும்.

பதிவின்றிச் சேர்த்த நூறு பொருள்களைவிட முழுமையாகப் பதிந்த ஒரு தேய்ந்த செருப்பு ஆய்வுக்கு மிகுதியாகப் பயன்படும்.