லொறியின் அடிப்பாகத்தைக் கறளினின்றும் காத்தல்

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டு செல்லும் வாகனம், மண்வெட்டியையும் கலப்பையையும் போலவே கமத்தின் உபகரணங்களுள் ஒன்றாகும். வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்கும் கமக்காரர் பலர். லொறியின் அடிப்பாகத்தைக் குனிந்து நோக்குவோர் சிலரே. மேற்பாகம் பளபளப்பாக இருக்க, அடிச்சட்டம் கறளேறி உளுத்துப் போவது இதனாலேயே நிகழ்கின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கையிலுள்ள வாகனத்தைப் பேணுவதன் அருமையை அவ்வாண்டுகள் நமக்கு நன்கு உணர்த்தின. இங்கு கூறப்படும் முறை, பட்டா என வழங்கும் சிறு லொறிக்கும், பெரிய லொறிக்கும், உழவு இயந்திரத்தின் பெட்டிக்கும் ஒருங்கே பொருந்தும்.

கறள் உண்டாகும் விதம்

இரும்பும், நீரும், காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுசேரும் இடத்தில் கறள் உண்டாகின்றது. உப்பு அதனை விரைவுபடுத்தும். கறள் தான் தோன்றுதற்குக் காரணமான இரும்பிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலுள்ள வர்ணத்தைத் தள்ளிப் பெயர்த்துவிடும். பெயர்ந்த வெடிப்பினூடே மேலும் நீர் புகும். ஆகவே சிறு புள்ளியாகத் தொடங்கிய கறள், கவனியாது விடப்படின் தகட்டையே துளைத்துவிடும்.

வன்னியில் இது விரைந்து பரவுவதற்குக் காரணங்கள் நான்கு.

1. பூநகரி, ஆனையிறவு, முல்லைத்தீவு முதலிய இடங்களில் கடலினின்றும் களப்பினின்றும் வரும் காற்று உப்பைக் கொணர்கின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் எஞ்சிக் கிடந்த லொறிகளும் உழவு இயந்திரங்களும் கறளேறிய குவியல்களாய்ப் பல ஆண்டுகள் காணப்பட்டன. பலருடைய வாழ்நாட் சேமிப்பான அவ்விரும்பை உவர்க்காற்று எவ்வாறு தின்றதென்பதைக் கண்டவர் மறவார்.

2. வயற் சேறு அடிச்சட்டத்தின் மடிப்புக்களில் அடைந்து, வெளிப்புறம் உலர்ந்த பின்னும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

3. பசளை மூடைகளினின்றும் சிந்தும் மணிகள் பெட்டியின் மூலைகளிற் தங்குகின்றன. எம்.ஓ.பி. எனப்படும் பொற்றாசியப் பசளை, கறியுப்பைப் போலவே ஒரு குளோறைட்டு உப்பாகும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இவை கலந்த நீர் தகட்டின் இடுக்குகளில் இறங்கிப் பெருந்தீங்கு செய்யும்.

4. மாரி வெள்ளம். 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் மூடிய சட்டங்களுக்குள்ளும் சேற்றுநீர் புகுந்துவிடும்.

வேலைக்கு உகந்த காலம்

சிறுபோக அறுவடை முடிந்து, காலபோக மழை தொடங்குவதற்கு முன்னுள்ள வறண்ட நாட்களே சிறந்தவை. ஓகஸ்டு, செப்டெம்பர் மாதங்களில் வீசும் சோளகக் காற்று, கழுவிய இரும்பை நன்கு உலர்த்தும். வாடைக்காற்றும் மழையும் வந்தபின் இவ்வேலையைத் தொடங்குதல் தகாது.

இதனை எழுதுபவர், ஒரு முறை மாரி தொடங்கிய பின்னர் தம் வீட்டு உழவு இயந்திரப் பெட்டியின் அடியில் அவசரமாகத் தார் பூசினார். பார்வைக்கு அது புதியது போலவே தோன்றிற்று. இரண்டாம் ஆண்டில் நெல் மூடைகளை ஏற்றியபோது, ஒரு மூலைத் தகடு தார்ப்படையோடு கழன்று விழுந்தது. உட்புறத்தில் ஈரச் சேறும் கறட்செதிலும் அப்படியே இருந்தன. தார் நீரைத் தடுக்கவில்லை. உள்ளிருந்த நீரை வெளியேற விடாது தடுத்தது. கழுவி உலர்த்தாது பூசுதல், பூசாது விடுதலினும் தீது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

முதலிற் செய்யவேண்டிய பரிசோதனை

சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை ஆங்காங்கே மெல்லத் தட்டிப் பார்க்க. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், செதிலும் உதிரும். சட்டத்தில் ஓட்டை அல்லது வெடிப்பு இருப்பின் பூச்சு அதற்கு மருந்தாகாது. தேர்ந்த வெல்டிங் தொழிலாளரிடம் காட்டிச் சீர்செய்த பின்னரே பூசவேண்டும்.

பிறேக் எண்ணெய் செல்லும் மெல்லிய உருக்குக் குழாய்களைத் தனியே கவனிக்க. அவை கறளால் மேடுபட்டிருப்பின் சுரண்டாது மாற்றிவிடுக. பாரமேற்றிய லொறி கண்டி வீதியில் ஓடும்போது அக்குழாய் வெடிக்குமாயின், அழிவது மூடைகள் மாத்திரமன்று, உயிர்களுமாம்.

பாதுகாப்பு

வாகனத்தைச் சமமான, கெட்டியான நிலத்தில் நிறுத்திச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க. ஜக்கினால் மாத்திரம் உயர்த்தப்பட்ட வாகனத்தின் கீழ் எக்காரணம் கொண்டும் புகுதல் கூடாது. பாரந்தாங்கும் உருக்குத் தாங்கிகளை வைத்து, அசைத்துப் பார்த்த பின்னரே உட்புகுக. செங்கல்லும் கொங்கிறீற்றுக் கல்லும் திடீரெனப் பிளக்குமாதலின் அவற்றை நம்பலாகாது. பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுக. கண்ணாடி, கையுறை, மூக்குக் கவசம் அணிக. பூச்சின் ஆவி தீப்பற்றக்கூடியதாதலின் புகைபிடித்தலையும் விளக்கு ஏற்றுதலையும் விலக்குக.

கழுவுதலும் சுரண்டுதலும்

1. சேற்றைக் கட்டையாலும் தூரிகையாலும் தட்டி அகற்றி, நன்னீரால் நன்கு கழுவுக. சட்டத்தின் உட்புறத்தையும் சில்லு மறைப்புக்களின் மடிப்புக்களையும் மறவாதீர். உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தலாகாது.

2. எண்ணெய்ப் பிசுக்கைச் சிறிதளவு மண்ணெண்ணெய் தோய்த்த துணியாற் துடைத்து, பின்னர் சவர்க்காரத் தூள் கரைத்த நீராலும் நன்னீராலும் கழுவுக. பெற்றோலைப் பயன்படுத்தல் ஆபத்து.

3. அடியிலுள்ள நீர்வடி துவாரங்களைக் கம்பியாற் குத்தித் திறந்துவிடுக.

4. ஆகக் குறைந்தது இரண்டு வெயில் நாட்கள் உலரவிடுக.

5. தளர்ந்த கறளையும் வர்ணத்தையும் கம்பித் தூரிகையாற் சுரண்டி, அரத்தாளினாற் தேய்த்துத் தூசு துடைக்க. உறுதியாக ஒட்டிய மெல்லிய கறள் எஞ்சியிருப்பின், கடைகளிற் கிடைக்கும் கறள்மாற்றித் திரவத்தைப் பூசலாம். அதிலுள்ள தனிக் அமிலம் கறளோடு சேர்ந்து கரிய படையாக மாறும். செதில் செதிலாய் நிற்கும் கறள்மேல் அது பயன்தராது.

வாகனத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவும் வழக்கம் கைவிடப்படவேண்டும். அந்நீரே வயலுக்கும் கால்நடைக்கும் செல்கின்றது.

பூசும் முறை

சுரண்டிய இரும்பிற்கு அன்றே ரெட் ஒக்சைட் முதலிய கறட்காப்பு அடிப்பூச்சைப் பூசுக. ஓரிரவு கழிந்தால் வெற்றிரும்பு மீண்டும் கறளேறத் தொடங்கும். அது முற்றாகக் காய்ந்தபின், வாகன அடிப்பாகத்துக்கென விற்கப்படும் பூச்சைப் பூசுக. இஃது இரு வகைப்படும்.

தார் அல்லது றப்பர் கலந்த பூச்சுக் கடினமானது. கல் தெறித்தலைத் தாங்கும். எனினும் காலஞ்செல்ல வெடிக்கும். வெடிப்பினுள் நீர் தங்கும். ஆகவே சில்லு மறைப்புக்களுக்கும் தட்டையான அடித்தகட்டுக்கும் இது பொருந்தும்.

மெழுகு அல்லது ஆட்டுரோமக் கொழுப்புச் சேர்ந்த பூச்சு மென்மையானது. இடுக்குகளில் ஊர்ந்து செல்லும். மூடிய சட்டங்களின் உட்புறத்துக்கும் ஆணிப் பொருத்துக்களுக்கும் இதுவே ஏற்றது. ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

தடித்த ஒரு படையிலும் மெல்லிய இரு படைகளே நீடிக்கும். முதற்படை காய்ந்தபின்னரே இரண்டாம் படையைப் பூசுக. நண்பகல் வெயிலிற் கொதிக்கும் தகட்டில் பூசாது, காலைப் பனி நீங்கியபின் நிழலிற் பூசுக.

பூசலாகாத இடங்கள்

புகைக்குழாய், பிறேக் உறுப்புக்கள், றப்பர்க் குழாய்கள், சுழலும் தண்டின் மூட்டுக்கள், எண்ணெய் வடி ஆணிகள், காற்றுத் துவாரங்கள், நீர்வடி துவாரங்கள், சசி இலக்கம் பொறித்த இடம் ஆகியவற்றைத் தாளாலும் ஒட்டுநாடாவாலும் மறைத்துக் கொள்க. புகைக்குழாயிற் பட்ட பூச்சு சூட்டினாற் தீப்பற்றவும் கூடும். வேலை முடிந்ததும் மறைப்புக்களை அகற்றி, நீர்வடி துவாரங்கள் திறந்திருக்கின்றனவா எனப் பார்க்க.

கழிவு எண்ணெய் வேண்டாம்

எஞ்சினினின்றும் வடித்த கழிவு எண்ணெயை அடிப்பாகத்திற்குத் தெளிப்பது நம்மிடையே பழகிப்போன முறை. அதில் அமிலமும் உலோகத் துகளும் உண்டு. றப்பர் உறுப்புக்களை அஃது ஊதவைத்துக் கெடுக்கும். தோலிற் தொடர்ந்து படுதல் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம். முதல் மழையிலேயே கழன்று வயலிலும் கிணற்றோரத்திலும் வடியும். அதனைத் தெளிக்கப் பயிர்மருந்து தெளிகருவியைக் கையாள்வோர், பின்னர் அக்கருவியாலேயே தம் மிளகாய்க்கும் கத்தரிக்கும் எண்ணெயைத் தெளித்தவராவர்.

ஆண்டுதோறும் செய்யவேண்டியவை

பசளை ஏற்றிய அன்றே பெட்டியைக் கூட்டிக் கழுவுக. கடற்கரைப் பாதையில் ஓடிய வாகனத்தின் அடிப்பாகத்தை வாரந்தோறும் நன்னீராற் கழுவுக. மாரி முடிந்ததும் ஒருமுறை குனிந்து பார்த்து, பூச்சு பெயர்ந்த இடங்களைச் சுரண்டித் திருத்துக. கறள் புள்ளியாக இருக்கும்போது அரைமணி வேலை. ஓட்டையானபின் அரைமாத வருமானம்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் கமக்காரருக்குப் புதிதன்று. வரம்பைக் கட்டிக் காப்பது போலவே வாகனத்தின் அடிச்சட்டத்தையும் காப்பீராயின், அடுத்த போக விளைவை ஏற்றுதற்கு அது குறைவின்றி நிற்கும்.