கரைய வேண்டிய துளி



நம் உடலின் உயிரணுக்கள் நெருக்கடி நேரத்தில் என்ன செய்கின்றன என்பதே இந்த இதழின் பாடம். ஆரணி நெசவாளர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து அதைத் தொடங்குகிறோம்.

அவருக்கு வயது 62. குழித்தறியில் உட்கார்ந்து 40 ஆண்டுகளாகப் பட்டுச் சேலை நெய்தவர். மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தபோது, "வயசாயிடுச்சு ஐயா, கை ஆடத்தானே செய்யும்? இதுக்குப் போய் இவன் கூட்டிட்டு வந்துட்டான்" என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். மடியில் சும்மா வைத்திருந்த வலது கை ஆடிக்கொண்டிருந்தது. வேலை செய்யும்போது அந்த ஆட்டம் குறைந்துவிடும் என்றார் மகன். ஆனால் முன்பு 12 நாளில் முடிந்த சேலை இப்போது 25 நாள் இழுக்கிறதாம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் என்றார்.

"எனக்குள்ளே அப்படி என்னதான் ஆச்சு ஐயா?" என்று பெரியவர் கேட்டார். அதற்கு விடை தேடியபோது நாங்களும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் நெசவாளர் என்ன செய்வார்? நெய்வதை நிறுத்துவார். நூலையும் ஜரிகையையும் மூட்டை கட்டிப் பரண்மேல் வைப்பார். வெயில் வந்ததும் இறக்கி, வேலையைத் தொடருவார். உயிரணுவும் அப்படியே செய்கிறது.

ஒவ்வோர் உயிரணுவும் ஓயாமல் புரதம் நெய்யும் தறி. எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பைக் கொண்டுவருவது ஆர்.என்.ஏ. கடும் வெப்பமோ, பிராணவாயுக் குறைவோ, நஞ்சோ, வைரஸோ தாக்கினால், உயிரணு தன் புரத உற்பத்தியில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. குறிப்புகளும் அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதங்களும் சில நிமிடங்களில் சிறு சிறு துளிகளாகத் திரளுகின்றன. இத்துளிகளைச் சுற்றிச் சவ்வு ஏதும் இல்லை. ரசத்தின்மேல் எண்ணெய்த் துளி தனித்து நிற்பதுபோல் அவை தாமாகவே பிரிந்து நிற்கின்றன. நெருக்கடி நீங்கியதும் துளிகள் கரைகின்றன. தறி மீண்டும் ஓடுகிறது.

வெப்பத்தில் புரதங்கள் இவ்வாறு திரளுவதை 1983-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லுட்ஸ் நோவர் குழுவினர் தக்காளிச் செடியின் செல்களில் கண்டார்கள். 2009-ல் கிளிஃபோர்ட் பிராங்வின், ஆன்டனி ஹைமன் என்னும் அறிஞர்கள், ஒரு சிறு புழுவின் உயிரணுக்களில் உள்ள புரத, ஆர்.என்.ஏ. திரட்சிகள் உண்மையிலேயே திரவத் துளிகள் என்று காட்டினார்கள். இரண்டு துளிகள் தொட்டால் ஒன்றாகிவிடும், கரையவும் செய்யும்.

கரைய வேண்டிய துளி கரையாமற்போனால் என்ன ஆகும்? இதை ஆரணி மக்களுக்கு விளக்குவது எளிது. பட்டுப்புழுவின் வயிற்றுச் சுரப்பியில் பட்டு நூலாக இருப்பதில்லை. கெட்டியான திரவமாகவே இருக்கிறது. புழு தலையை அசைத்து அதை வெளியே இழுக்கும்போது புரத மூலக்கூறுகள் மடிப்பு மடிப்பாக அடுக்கி, இழையாக இறுகுகின்றன. பிறகு அது திரவமாகத் திரும்புவதில்லை. சோப்பு நீரில் காய்ச்சினாலும் மேலுள்ள பசைதான் போகும்; உள்ளிருக்கும் இழை கரையாது. பட்டுக்கு அந்த உறுதி பெருமை. நரம்பு உயிரணுவுக்குள் அதுவே ஆபத்து.

நெருக்கடித் துளிகளில் சேரும் எஃப்.யூ.எஸ். என்னும் புரதம், பழுதுற்ற நிலையில், திரவமாக இருந்து இழையாக இறுகிவிடுவதை 2015-ல் ஹைமன் குழுவினர் காட்டினார்கள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயோடு தொடர்புடைய புரதம் அது. நடுக்குவாதத்தில் மூளை உயிரணுக்களுக்குள் படிவது ஆல்பா சைநியூக்ளின் என்னும் வேறொரு புரதம். அதுவும் முதலில் துளியாகத் திரண்டு, பிறகு இறுகி இழையாக மாறக்கூடும் என்று 2020-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் சமீர் மாஜி குழுவினர் கண்டறிந்தார்கள். நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி இது.

இறுகிய இழையைக் கரைக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆயினும் கைவிரிக்க வேண்டியதில்லை. இந்நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமினை ஈடுசெய்ய, லெவோடோபா என்னும் மருந்து 1960-களிலிருந்து பயன்பட்டு வருகிறது. அது நோயை வேரறுக்காது. ஆனால் விறைத்த கைகால்களை இளகச் செய்யும். வேளை தவறாமல், மருத்துவர் சொன்ன அளவில், தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் ஆடுகிறதா? கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா? நடையில் ஒரு கை வீசாமல் நிற்கிறதா? சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆகிறதா? "வயசாச்சு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அறிகுறி வெளியே தெரியும்போதே டோபமின் தரும் உயிரணுக்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும் என்பதால், காத்திருந்து பார்ப்பதில் பயன் இல்லை.

அந்தப் பெரியவர் ஆறு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். தறியில் முழு நேரம் உட்கார முடியவில்லை. ஆனால் காலையில் மருந்து வேலை செய்யும் நேரத்தில் நெய்கிறார். "சேலை மெதுவாத்தான் ஏறுது. ஆனா தறி நிக்கலை ஐயா" என்றார். மாதந்தோறும் மருந்து வாங்க இயலாத இவரைப் போன்றவர்களுக்கு உங்கள் காணிக்கை மருந்தாகிப் போய்ச் சேருகிறது. உங்கள் ஜெபங்களிலும் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.