மெய்நிகர் சர்வரில் நெட் வரவில்லையா?

சாணார்பட்டியில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் சர்வர் ஓட்டுகிறீர்களா? நெட் நின்றதும் டவரைத் திட்டாதீர்கள். லேப்டாப்பில் நெட் வருகிறதென்றால் கோளாறு உள்ளேதான்.

சர்வரின் ஐபி முகவரியைப் பாருங்கள். முகவரியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால் டிஎச்சிபி கைவிட்டுவிட்டது. 8.8.8.8-க்கு பிங் போகிறது, இணையதளப் பெயர் மட்டும் திறக்கவில்லையா? டிஎன்எஸ் சிக்கல்.

வைஃபையில் ‘பிரிட்ஜ்டு’ அடாப்டர் அடிக்கடி மக்கர் செய்யும். ‘நாட்’டுக்கு மாற்றினால் பெரும்பாலும் 10.0.2.15 கிடைத்துவிடும். ஆனால் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழைய போர்ட் ஃபார்வர்டிங் போட்டாக வேண்டும்; பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரே சர்வரை நகலெடுத்து இரண்டையும் பிரிட்ஜ்டில் ஓட்டினால், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருப்பதுபோல் குழப்பம்தான். நகலெடுக்கும்போதே புது மேக் முகவரி கொடுத்துவிடுங்கள்.