மணல் நிலமும் இறையருளும்

வாசிக்க: 2 கொரிந்தியர் 12:7-10



சொந்த வயலில் நெல் விளைவித்து, சூடடிக்கும் காலத்தில் களத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து வந்தபின் அவர்களே நிவாரண வரிசையில் நின்றார்கள். பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு வெங்காயம் நட்டார்கள். பசியைவிட வெட்கமே அவர்களை அதிகம் வருத்தியது. கொடுத்த கை வாங்கும் கையாகிவிட்டதே, ஆண்டவர் நம்மைக் கைவிட்டாரோ என்ற கேள்வி பலருக்கு எழுந்தது. ஆண்டுகள் பல கடந்தும் சிலருக்கு அது ஆறவில்லை. அக்கேள்வியை இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. பவுலின் மன்றாட்டு

திருத்தூதர் பவுலுக்கு உடலில் தைத்த முள்போல ஒரு வேதனை இருந்தது. அது என்னவென்று அவர் சொல்லவில்லை. அதை நீக்கும்படி மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, தம் அருளே அவருக்குப் போதும் என்ற பதில் கிடைத்தது.

இங்கே இரண்டு காரியங்களைக் கவனிப்போம். முதலாவது, பவுல் வெட்கப்படாமல் கேட்டார். துன்பம் நீங்க வேண்டுமென்று கேட்பது அவிசுவாசம் அல்ல. இரண்டாவது, முள் நல்லதென்று அவர் சொல்லவில்லை; முள்ளின் நடுவிலும் தம்மைத் தாங்கிய அருளையே பெருமையாகப் பேசினார். ஆகவே நம்மை ஊரைவிட்டு அகற்றிய அநியாயத்தை ஆண்டவர் விரும்பினார் என்று யாரும் நமக்குப் போதிக்க வேண்டியதில்லை. காணி உறுதிக்காகக் கந்தோருக்கு நடப்பதும் விசுவாசச் செயலே.

2. நோயாளியாக வந்த குரு

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றுளைவினால் நலிந்து கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்து அவரைக் காத்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. போதிக்க வந்தவர் முதலில் பெற்றது பிறர் கஞ்சியைத்தான்.

பின்னர் தேடுதல் கடுமையாகவே, அவர் நமது புத்தளத்துக்கு வந்தார். அன்று இப்பகுதி கண்டி மன்னருக்கு உரியதாயிருந்தது. ஓடி வந்தவருக்கு இம்மண் இடம் கொடுத்தது. 1692ல் கண்டிக்குச் சென்ற அவரை ஒற்றனென்று சந்தேகித்துச் சிறையிலிட்டார்கள். சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். 1697ல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகள் காடுகளில் கைவிடப்பட்டபோது அவர்களைத் தேடிச் சென்று பராமரித்தார். நோயில் கிடந்தவருக்கே நோயாளியின் தனிமை தெரியும். 1711ல் இறந்த அவர், 2015ல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

3. கற்பிட்டி மணல் சொல்லும் பாடம்

வயல் மண்ணில் பழகிய நாம் கற்பிட்டி மணலை முதலில் பார்த்தபோது, இது நீரைப் பிடிக்காத வெறும் மணல் என்றே நினைத்தோம். உண்மைதான், ஊற்றும் நீர் உடனே கீழே இறங்கிவிடும். ஆனால் அதனால்தான் மழைநீரும் ஓடி வீணாகாமல் உள்ளே இறங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் இலேசானது. ஆகையால் அது உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடலுக்கு இத்தனை அருகில் ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதன் காரணம் இதுவே. மணலின் பலவீனமே அதன் கொடையாயிற்று.

அந்த நன்னீர்ப் படை மெல்லியது. பேராசையோடு இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். தினமும் அளவாய் இறைத்து, மாட்டெருவும் இலைகுழையும் இட்டு, தென்னையைச் சுற்றிப் பொச்சுமட்டை புதைத்தால் அந்த மணலே பலன் தரும். அருளும் அப்படியே. சேமித்து வைத்துப் பெருமைப்பட அல்ல, அன்றன்று பெற்று வாழவே கொடுக்கப்படுகிறது.

4. நமது வாழ்வில்

வாங்கும் கை ஒருநாள் கொடுக்கும் கையுமாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இம்மாவட்டம் இடம் கொடுத்தது. இழந்தவர்கள் என்ற வகையில் அவர்கள் வலி நமக்குப் புரியும். ஒரே கிணற்றில் முறைவைத்து இறைப்பது, விதை வெங்காயத்தை மாற்றிக்கொள்வது, நோயுற்றவர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது ஆகியவை சிறிய காரியங்கள். ஆனால் பலவீனரின் கைகளில் அருள் வேலை செய்வது இப்படித்தான்.

கலந்துரையாடுவோம்

1. உதவி பெறும்போது நமக்கு ஏன் வெட்கம் வருகிறது?
2. நாம் பட்ட கஷ்டத்தினால் யாருடைய கஷ்டத்தை விளங்கிக்கொள்கிறோம்?
3. நமது ஊர்க் கிணறுகளின் நன்னீரைக் காக்க ஒன்றுசேர்ந்து என்ன செய்யலாம்?

செபம்: ஆண்டவரே, எங்கள் பலவீனத்தை மறைக்காமல் உம்மிடம் கொண்டுவருகிறோம். இன்றைக்குப் போதிய அருளைத் தாரும். அதை அயலவரோடு பகிரும் மனதையும் தாரும். ஆமென்.