வாய் கோணியது சரியாகிவிட்டால் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பிரஷருக்கும் சலரோகத்துக்கும் கிளினிக் கொப்பி வைத்து மருந்து எடுப்பவர். ஒருநாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் வலது கையிலிருந்து கப் நழுவி விழுந்தது. வாய் ஒருபக்கம் கோணி, நாக்குக் குழறியது. இருபது நிமிடத்தில் எல்லாம் மாறிவிட்டது. தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். “களைப்பும் காஸ்ட்ரிக்கும்தான்” என்று டொக்டர் விட்டமின் எழுதித் தந்தார். மறுநாள் இரவு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. இது வைத்தியத் தவறா? வழக்குப் போடலாமா?
— மகள், பருத்தித்துறை

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அன்று காலை வந்தது தற்காலிகப் பாரிசவாதம். மூளைக்குப் போகும் குழாயை ஒரு சிறு இரத்தக்கட்டி அடைத்து, பிறகு தானாகக் கரைந்து வழிவிட்டிருக்கிறது. உடனே வைத்தியம் செய்யாவிட்டால், இப்படி வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பாரிசவாதம் வரும். அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான்.

வைத்தியர் முன்னால் உட்காரும்போது வாயும் கையும் சரியாகியிருக்கும். அப்போது நோயைக் காட்டித் தருவது வீட்டார் சொல்லும் வரலாறு மட்டுமே. எந்தக் கை, எவ்வளவு நேரம், பேச்சு எப்படி மாறியது என்று அவர் கேட்டாரா? பிரஷர், நாடி, சீனி பார்த்தாரா? சி.டி. ஸ்கான் இல்லாத இடத்தில் அதை எடுக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்க எந்த வைத்தியராலும் முடியும். முகம் கோணியதைக் கேட்ட பிறகும் அதைச் செய்யாதிருந்தால், அது கவனக்குறைவு என்றே நான் சொல்வேன். ஆனால் முகம் கோணியதை அவரிடம் சொன்னீர்களா என்று நினைத்துப் பாருங்கள். “தலைச்சுற்று, களைப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிற குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன்.

சட்டத்தில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இலங்கையில் இவ்விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கு. 1992இல் ஒரு சிறுமிக்கு, கைகால் தன்பாட்டில் அசைகிற ஒருவகை வாத நோய் என்று அவர் வைத்தியம் செய்தார். பிந்தி எடுத்த ஸ்கானில் மூளைத்தண்டில் கட்டி தெரிந்தது. பிள்ளை இறந்துவிட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா இழப்பீடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனக்குறைவினால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். அந்தக் கட்டியை முன்பே கண்டுபிடித்திருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவின் நோய் அப்படிப்பட்டதல்ல. 2007இல் வெளியான ஒக்ஸ்போர்ட் ஆய்வில், தற்காலிகப் பாரிசவாதத்துக்கு உடனடியாக மருந்து தொடங்கியதால் அடுத்த மூன்று மாதத்தில் மீண்டும் தாக்குவது 80 வீதம் குறைந்தது. ஆகவே “முன்பே கண்டுபிடித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது” என்ற பதில் இங்கே இலகுவில் எடுபடாது. நரம்பியல் நிபுணர் ஒருவர் இதை நீதிமன்றத்தில் சொல்ல முன்வர வேண்டும். நம் நாட்டில் சக வைத்தியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

விட்டமின் எழுதிய துண்டு, பற்றுச்சீட்டு, கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரி தந்த நோய் நிர்ணய அட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அன்று காலை கூட இருந்தவர்கள் கண்டதை இப்போதே நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடட்டும். இழப்பீட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் சட்டத்தரணி ஒருவரைத் தாமதிக்காமல் பாருங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபைக்கு முறைப்பாடு செய்யவும் இடமுண்டு.

வழக்குக்காக அப்பாவின் பயிற்சியைப் பிற்போட வேண்டாம். கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் முதல் மாதங்களில்தான் கூடுதல் பலன் தரும். அவருக்கோ வீட்டில் வேறு யாருக்கோ மறுபடி முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், மாறிவிட்டாலும் காத்திருக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஸ்கான் எடுக்குமுன் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்; மூளையில் இரத்தக்கசிவாகவும் இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதனால் ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு போங்கள்; ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.